தனியே நடுங்காதீர்கள், தோழர்களே!

கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியாயிற்று. நாலரை மணிக்கே லண்டன் இருண்டுவிடுகிறது. இனி மார்ச் கடைசிவரை ஐந்து மாதம் குளிர். இந்த ஐந்து மாதத்தையும் எப்படிக் கடக்கப்போகிறோம் என்பதை இந்தக் கிழமையே நாம் முடிவுசெய்ய வேண்டும். ஜனவரியில் கூடிப் பேசினால் பிந்திவிடும். அதற்குள் சில வீடுகளில் பிள்ளைகளுக்கு நெஞ்சுச் சளி கட்டிவிடும், சில வீடுகளில் முதியவர்கள் படுக்கையில் விழுந்துவிடுவார்கள், சில வாசல்களில் நீதிமன்ற ஆணையோடு ஆட்கள் வந்து நிற்பார்கள். அதனால்தான் வேலை முடிந்து வந்த கையோடு, சாப்பிடுவதற்கு முன்னரே, இதை எழுத உட்கார்ந்தேன்.

கிழக்கு லண்டனில் நம்மவர் கடை ஒன்றில் பின்னேர வேளைகளில் கல்லாவில் நிற்பவன் நான். பால், பாண், சிகரெட், லொத்தர், கறிவேப்பிலை எல்லாம் விற்கும் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. முற்பண மீற்றர் வைத்திருப்பவர்கள் மின்சாரத் திறப்பையும் காஸ் காட்டையும் கொண்டுவந்து காசு ஏற்றுவது அதில்தான். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு தெருவின் குளிர்காலம் முழுவதும் தெரியும். யார் இருபது பவுண் போடுகிறார், யார் ஐந்தாகக் குறைத்துவிட்டார், யார் சில்லறையை எண்ணிப் பார்த்துவிட்டுப் பால் போத்தலைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறார் என்பதெல்லாம் என் கண்முன்னால் நடக்கிறது.

போன வியாழக்கிழமை இரவு பத்து மணிக்குக் கிட்ட ஒரு அக்கா வந்தார். கெயார் வேலைச் சீருடைக்கு மேலே ஜக்கற். பத்து பவுண் தந்து திறப்பை நீட்டினார், ஏற்றிக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"தம்பி, லைற் வரேல்லை. உங்கட மெஷின் பிழையோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

மெஷினில் பிழை இல்லை. அவர் ஏற்கெனவே அவசரக் கடனாகப் பத்து பவுணைப் பாவித்து முடித்திருந்தார். போட்ட காசை மீற்றர் முதலில் அந்தக் கடனுக்கு எடுத்துக்கொண்டது. மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்களுக்கும் நாளுக்கு நாள் ஏறிய நிலைக் கட்டணம் மிச்சமாக நின்றது. பழைய பாக்கிக்குக் கிழமைக்குக் கிழமை கழிப்பது வேறு. பத்து பவுண் உள்ளே போயும் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. எட்டு மணி நேரம் இன்னொருவரின் தாயைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சூடாகச் சாப்பாடு ஊட்டிவிட்டு வந்த பெண், தன் வீட்டின் இருட்டுக்குள்ளே போக முடியாமல் என் கடையில் நின்றார்.

விளங்கப்படுத்தினேன். பின்னால் நின்ற வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பரவாயில்லைத் தம்பி, சமாளிப்பன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் அடுத்து நின்றவர், ஊரில் வாத்தியாராக இருந்த ஐயா ஒருவர், சட்டைப் பையிலிருந்து மெதுவாக எடுத்து வைத்தது ஒரு காஸ் காட். அவருக்குப் பின்னால் நின்ற மாணவத் தம்பியின் கையிலும் ஒரு திறப்பு. மூன்று பேரும் ஒரே வரிசையில், ஒரே குளிரில், ஒரே கடனோடு நின்றிருக்கிறார்கள். ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் காணாதபடி மூவரும் பொத்திப் பிடித்திருந்தார்கள்.

தோழர்களே, இந்தக் கடிதம் முழுவதும் அந்த மூன்று பொத்திய கைகளைப் பற்றியதுதான்.

இந்தக் குளிர் எங்கிருந்து வந்தது

வானிலையைக் குறை சொல்ல வேண்டாம். லண்டன் எப்போதும் குளிர்தான். மாறியது விலை.

ஒழுங்காற்று அமைப்பான ஒஃப்ஜெம் ஒரு சராசரி வீட்டுக்குக் கணக்கிடும் ஆண்டு விலை உச்சவரம்பு 2020 ஒக்டோபரில் 1,042 பவுண். 2021 ஒக்டோபரில் 1,277 ஆனது. 2022 ஏப்ரலில் 1,971. அதே ஆண்டு ஒக்டோபரில் 3,549க்குப் போகவிருந்ததை, அரசு இடையில் புகுந்து 2,500 பவுண் அளவில் நிறுத்தியது. அதற்கான காசும் நம் வரியிலிருந்தும் நாடு வாங்கிய கடனிலிருந்தும்தான் போனது. பிறகு விலை இறங்கியது என்கிறார்கள். 2025 ஒக்டோபரில் அது 1,755 பவுண். அதற்கு ஐந்து ஆண்டு முன் இருந்ததைவிட எழுநூறு பவுணுக்கு மேல் அதிகம். நம்மில் எத்தனை பேருடைய சம்பளம் அந்த அளவுக்கு ஏறியது?

இன்னொன்றையும் எல்லாருக்கும் சொல்லுங்கள். உச்சவரம்பு என்ற பெயரைக் கேட்டு, அதற்கு மேல் பில் வராது என்று நம்மவர் பலர் நினைத்திருக்கிறார்கள். அது பிழை. வரம்பு ஒரு யூனிற்றின் விலைக்கும் நிலைக் கட்டணத்துக்கும் மட்டும்தான். கூடப் பாவித்தால் கூடத்தான் பில் வரும். பழைய ஒற்றைச் சுவர் வீட்டில், காற்று ஊடுருவும் யன்னலோடு, ஒரு அறைக்கு ஒரு குடும்பமாக இருப்பவர்களுக்குச் சராசரி வீட்டுக் கணக்கு பொருந்துவதே இல்லை.

விலை ஏன் ஏறியது? 2021இலேயே எரிவாயுச் சந்தை ஏறத் தொடங்கியது. 2022 பெப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் அது பறந்தது. காற்றாலை மின்சாரம் எவ்வளவு மலிவாக வந்தாலும், கடைசியாகத் தேவைப்படும் எரிவாயு நிலையத்தின் விலையே பெரும்பாலான நேரங்களில் மொத்த மின்சாரத்துக்கும் சந்தை விலையாகிறது. அதனால் காஸ் ஏறினால் கரண்டும் ஏறுகிறது. அந்த 2022ஆம் ஆண்டில் ஷெல் நிறுவனம் மட்டும் கிட்டத்தட்ட 4,000 கோடி டொலர் இலாபம் காட்டியது. பீபீ 2,700 கோடி டொலருக்கு மேல். எரிவாயுவும் மின்சாரமும் ஒரு காலத்தில் இந்த நாட்டு மக்களின் பொதுச் சொத்து. 1986இல் பிரிட்டிஷ் காஸையும், 1990, 91இல் மின்சாரத்தையும் பங்குச் சந்தையில் விற்றார்கள். அன்று விற்றதற்கு இன்று கடைக் கல்லாவில் பத்து பவுண் பத்து பவுணாக நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நிலைக் கட்டணத்தைப் பாருங்கள். ஒரு விளக்கும் போடாமல், ஒரு அடுப்பும் மூட்டாமல் இருந்தாலும், மின்சாரத்துக்கும் காஸுக்கும் சேர்த்து 2025 கடைசியில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 88 பென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 320 பவுண். மாளிகையில் இருப்பவருக்கும் அதுதான், மாடி அறையில் இருப்பவருக்கும் அதுதான். கோடையில் காஸ் மீற்றரைத் திரும்பிப் பாராமல் இருந்துவிட்டு, ஒக்டோபரில் முதல் குளிருக்குக் காசு போடும்போது, அது கோடைப் பாக்கியைத்தான் முதலில் விழுங்குகிறது.

2021 நடுவிலிருந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்ட விநியோகக் கம்பனிகள் விழுந்தன. போதிய முதலில்லாமல் கடை விரித்தவை பல. அவை விட்டுச்சென்ற செலவை ஒவ்வொரு வீட்டின் பில்லிலும் ஏற்றினார்கள். நாட்டின் கணக்காய்வு அலுவலகம் 2022இல் சொன்ன கணக்கின்படி வீட்டுக்கு 94 பவுண். கம்பனி விழுந்தால் தெரு முழுவதும் சேர்ந்து தாங்குகிறது. தெருவில் ஒரு வீடு விழுந்தால் அந்த வீடு மட்டும் தனியே தாங்க வேண்டுமாம். இந்த நியாயத்தை ஏற்கப்போகிறோமா?

குளிர் உடம்புக்குள் செய்வது

வீட்டுக்குள் 18 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், இரத்தம் தடிக்கும். மாரடைப்பும் பக்கவாதமும் அந்த வழியால்தான் வருகின்றன. நீரிழிவும் பிரஷரும் இல்லாத வீடு நம்மவரிடையே எத்தனை? சூடில்லாத சுவரில் சமையல் ஆவியும் மூச்சுக் காற்றும் ஈரமாகப் படியும். அங்கே பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் படரும் அந்தப் பூஞ்சணத்தைப் பிள்ளைகள் இரவெல்லாம் மூச்சில் இழுக்கிறார்கள்.

றொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசெம்பரில் இறந்தது. வீட்டில் படர்ந்திருந்த பூஞ்சணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணை சொன்னது. அந்தக் குடும்பம் பல தடவை முறையிட்டிருந்தது. யாரும் கேட்கவில்லை. அந்தப் பெற்றோர் வாய்மூடி அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. அவர்கள் போராடியதால் அந்தக் குழந்தையின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. 2025 ஒக்டோபர் 27 முதல் சமூக வீட்டு உரிமையாளர்கள் ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் வந்து பார்த்துச் சரிசெய்தே ஆக வேண்டும். கவுன்சில் வீட்டிலும் வீடமைப்புச் சங்க வீட்டிலும் இருக்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் இதைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

"சமாளிப்பன்" என்ற சொல்லைப் பற்றி

இப்போது நமக்குள்ளே பேச வேண்டியதைப் பேசுகிறேன்.

1990 முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெய் விட்டு, திரி போட்டு எரித்த விளக்கில்தான் நான் சோதனைக்குப் படித்தேன். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டோம். அந்த விளக்கைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். அது நம் மக்களின் திறமை.

ஆனால் அந்தப் பெருமை இன்று நம் வாயை அடைக்கிறது. "அங்கே குண்டுக்குள்ளே இருந்தனாங்கள், இந்தக் குளிர் பெரிய காரியமோ?" என்று கேட்டுவிட்டு மூன்று சுவெற்றர் போட்டுக்கொண்டு படுக்கிறோம். பில் வந்த கடித உறையைப் பிரிக்காமல் லாச்சிக்குள் வைக்கிறோம். விருந்தாளி வரும் நாளில் மட்டும் ஹீற்றரைப் போடுகிறோம். ஊருக்குப் பேசும்போது ஜக்கற்றைக் கழற்றிவிட்டுத்தான் வீடியோவை இயக்குகிறோம். கோயிலில், கலியாண வீட்டில், பிறந்தநாள் விழாவில் ஒருவரும் இதைப் பேசுவதில்லை. பேசினால் மானம் போய்விடும் என்ற பயம்.

தோழர்களே, ஜாம் போத்தல் விளக்கு தனியே எரிந்ததா? அந்த ஒரு விளக்கைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் உட்கார்ந்து படித்தோம். எண்ணெய் இருந்த வீட்டுக்கு எண்ணெய் இல்லாத வீடு போனது. எல்லார் வீட்டிலும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் வெட்கம் இருக்கவில்லை. நம்மைக் காப்பாற்றியது அந்தக் கூட்டு வாழ்க்கைதான். இங்கே வந்து தாங்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டோம், கூடும் பழக்கத்தைக் கைவிட்டோம். மீற்றர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தனித்தனியே இருப்பதால் குளிரும் தனித்தனிக் குற்றம்போல ஆகிவிட்டது.

முற்பண மீற்றரில் காசு தீர்ந்து 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 32 இலட்சம் பேர் இருட்டிலோ குளிரிலோ இருந்தார்கள் என்று சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு கணக்கிட்டது. பத்து செக்கனுக்கு ஒருவர். 2025இல் குடும்பங்கள் கட்ட முடியாமல் நின்ற எரிசக்திக் கடன் 400 கோடி பவுணுக்கு மேல். இத்தனை இலட்சம் பேரும் காசை ஊதாரித்தனமாகச் செலவழித்துவிட்டா கடன்பட்டார்கள்? இது ஒருவருடைய வெட்கம் அல்ல. கடனை ஒளிக்கும் ஒவ்வொருவரும் கடன் கொடுத்தவனின் கையைத்தான் பலப்படுத்துகிறோம்.

கூடியவர்கள் வென்றிருக்கிறார்கள்

1915. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. கிளாஸ்கோ நகரில் ஆண்கள் பலர் போர்முனையில். ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் வந்து குவிந்ததைப் பார்த்து வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். கோவன் பகுதியில் மேரி பார்பர் என்ற குடும்பப் பெண்ணின் தலைமையில் பெண்கள் கூடிய வாடகையைக் கட்ட மறுத்தார்கள். வீட்டைவிட்டு எழுப்ப அதிகாரி வந்தால் ஒரு பெண் மணி அடிப்பாள். மணிச் சத்தம் கேட்டதும் சமையலை அப்படியே விட்டுவிட்டு எல்லாப் பெண்களும் ஓடிவந்து படிக்கட்டை மறிப்பார்கள், கையிலிருந்த மாவை அவன்மேல் எறிவார்கள். நவம்பர் 17ஆம் திகதி வழக்கு நடந்த நாளில் கப்பல் கட்டும் தொழிலாளரும் வேலையை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு வந்து நின்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையைப் போருக்கு முந்திய அளவில் நிறுத்தும் சட்டம் நிறைவேறியது. ஒரு மணி, ஒரு படிக்கட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள்: ஆயுதம் அவ்வளவுதான்.

1990இல் ஆளுக்கு ஆள் அறவிடும் தலைவரி இங்கிலாந்துக்கு வந்தபோது இலட்சக்கணக்கானோர் கட்ட மறுத்தார்கள். மார்ச் 31ஆம் திகதி ட்ரஃபால்கர் சதுக்கம் நிரம்பி வழிந்தது. நவம்பரில் பிரதமர் மார்கிரட் தாட்சர் பதவி விலகினார். அடுத்த மார்ச்சில் அந்த வரியைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது வடமேற்கு லண்டன் வில்ஸ்டனில் நடந்தது. 1976இல் கிரன்விக் படக் கழுவகத்தில் வேலை செய்த ஜெயாபென் தேசாய் வெளிநடப்புச் செய்தார். சேலை கட்டிய பெண்கள் இரண்டு குளிர்காலம் வாசலில் நின்றார்கள். சுரங்கத் தொழிலாளர் வந்து தோள் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் கேட்ட தொழிற்சங்க அங்கீகாரம் அன்று கிடைக்கவில்லை. ஆனால் வந்தேறிகளுக்குப் போராடத் தெரியாது என்று சொன்ன வாய்களை அவர்கள் மூடினார்கள். கோவைப் பக்கத்து விவசாயிகளையும் மறக்கக் கூடாது. மின்கட்டணத்தை எதிர்த்து 1972இல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நகரையே மறித்தவர்கள் அவர்கள். மின் பில்லுக்காகப் போராடுவது தமிழருக்குப் புதிதா?

இவையெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு நேற்றைய கதையைச் சொல்கிறேன். நீதிமன்ற ஆணையோடு பூட்டை உடைத்து வீட்டுக்குள் புகுந்து முற்பண மீற்றர் பூட்டும் கொடுமை 2023 பெப்ரவரியில் வெளியே வந்தது. நாடே கொதித்தது. உடனே நிறுத்தினார்கள். பின்பு கட்டுப்பாடுகளோடுதான் மீண்டும் அனுமதித்தார்கள். முற்பண மீற்றர்க்காரரிடம் கூடுதலாக வாங்கிய கட்டணமும் அதே அழுத்தத்தால்தான் நீங்கியது. 2024 ஜூலையில் ஏறக்குறைய ஒரு கோடி ஓய்வூதியரின் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவை அரசு வெட்டியது. முதியவர்கள் தெருவில் இறங்கினார்கள், வாக்குச் சாவடியிலும் பதில் சொன்னார்கள். 2025 ஜூனில் ஆண்டு வருமானம் 35,000 பவுண் வரையுள்ளோருக்கு அதைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார்கள். கூடிய இடத்தில் அசைவு வந்திருக்கிறது.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியவை

லாச்சியைத் திறவுங்கள். பிரிக்காத கடித உறைகளை எல்லாம் எடுத்து மேசையில் பரப்புங்கள். மீற்றரை நீங்களே வாசித்துப் படம் எடுத்து வையுங்கள். பில் ஊகத்தில் போட்டதா, உண்மையான வாசிப்பா என்று பாருங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு முன் பாவித்ததற்கு இப்போதுதான் முதன்முறை பில் அனுப்புகிறார்கள் என்றால், அது பெரும்பாலும் அவர்கள் பிழைதான். அப்படியானால் அதை உங்களிடம் கேட்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

கடன் தவணையை உங்கள் வருமானம் தாங்கும் அளவுக்கே போட வேண்டும் என்பது கம்பனிகளுக்கு விதிக்கப்பட்ட கடமை. தொலைபேசியில் அவர்கள் சொல்லும் முதல் தொகைக்கு "சரி" சொல்லாதீர்கள். முற்பண மீற்றரில் காசு தீர்ந்து, போட வழியில்லை என்றால், மேலதிக உதவிக் கடன் (additional support credit) கேளுங்கள். அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். முதியோர், நோயாளர், சிறு பிள்ளை உள்ளோர் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் பெயரைப் பதியுங்கள். துணையின்றி வாழும் 75 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டிலும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டிலும் முற்பண மீற்றரைப் பலவந்தமாகப் பூட்டக் கூடாது. முறைப்பாடு எட்டுக் கிழமையில் தீராவிட்டால் எரிசக்தி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகக் கொண்டுபோகலாம்.

உதவித்தொகை வாங்குவோர் மின் பில்லில் 150 பவுண் குளிர்காலக் கழிவுக்கு உரியவரா என்று உடனே பாருங்கள். 2025இல் அதற்கான தகுதி முன்னரைவிட விரிந்தது.

விசாவில் "பொது நிதி இல்லை" என்று எழுதியிருக்கும் கெயார் தோழர்களுக்கும் மாணவத் தம்பி தங்கையருக்கும் தனியே ஒரு சொல். அந்த வரிக்குப் பயந்து கம்பனியிடம்கூட வாய் திறவாமல் இருக்கிறீர்கள். கம்பனி உங்களுக்குச் செய்ய வேண்டிய கடமை பொது நிதி அல்ல. அந்தக் கடமை உங்கள் விசாவைப் பொறுத்ததும் அல்ல.

அறை வாடகைக்கு இருப்போருக்கும் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் தான் வாங்கிய விலைக்கு மேல் உங்களுக்கு மின்சாரத்தை விற்கக் கூடாது. பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கடுங்குளிர் வீட்டைச் சட்டம் ஆபத்தாகவே கருதுகிறது. கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பகுதிக்கு முறையிடலாம். வீட்டுக்காரர் நம்மவராக இருந்தாலும் முறையிடலாம். பூட்டிய பெட்டிக்குள் தெர்மோஸ்டாற்றை வைத்து ஆறு பிள்ளைகளை நடுங்கவிடுபவர், ஊர்ச் சங்கத் தலைவராக இருந்தாலும் செய்வது அநியாயம்தான்.

காஸ் தீர்ந்துவிட்டதென்று சின்ன மின்ஹீற்றரை வாங்கி ஓடவிடுபவர்கள் கவனியுங்கள். 2025 ஒக்டோபர் விலையில், இரண்டு கிலோவாட் ஹீற்றர் ஒரு மணி நேரம் ஓடினால் 53 பென்ஸ் போனது. அந்த விலையில் மின்சார யூனிற் காஸ் யூனிற்றைவிட நாலு மடங்கு. கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டவே வேண்டாம். அதிலிருந்து வரும் நச்சு வாயு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

இவ்வளவும் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. தனியாகக் கட்டணத்தை நிறுத்திவிடாதீர்கள் என்றும் மன்றாடிக் கேட்கிறேன். தனியே நிற்பவரை அவர்கள் நீதவான் நீதிமன்றத்துக்கும் கடன் வசூல்காரருக்கும் எளிதாக அனுப்பிவிடுவார்கள். எந்த அடியை எடுத்தாலும் தெருவாக, கட்டடமாக, சங்கமாக எடுப்போம்.

நாம் கேட்பது

நிலைக் கட்டணத்தை ஒழி. கம்பியும் குழாயும் எல்லாருக்கும் பொது. அதன் செலவை ஏழை வீட்டு வாசலில் சமமாக வைப்பது நியாயம் அல்ல.

ஒவ்வொரு வீட்டுக்கும் சமைக்கவும் சூடாக்கவும் தேவையான முதல் அளவை இலவசமாகக் கொடு. கனவு என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிற் மின்சாரம் இலவசம். அங்கே முடிந்தது உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றில் ஏன் முடியாது?

கட்ட முடியாத கடனைத் தள்ளுபடி செய். பூட்டை உடைத்து மீற்றர் பூட்டுவதை முற்றாக நிறுத்து.

வீடுகளுக்குச் சூடு காக்கும் உறை போடு. 2000ஆம் ஆண்டில் இந்த நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: பதினைந்து ஆண்டுக்குள், இயன்றவரை, எரிபொருள் வறுமையில் யாரும் வாழாதபடி செய்வோம் என்று. அந்தக் காலக்கெடு எப்போதோ கடந்துவிட்டது. அந்த வாக்கை நாம் மறக்கவில்லை.

எரிசக்தியை மீண்டும் மக்கள் சொத்தாக்கு.

யார் என்ன செய்வது

கடைக்காரத் தோழர்களே, முதலாளி அண்ணைமாரே, இந்த நகரின் எத்தனையோ மூலைகளில் அந்த மெஷின் நம் கல்லாவில்தான் இருக்கிறது. ஒரு ஏற்றத்துக்கு நமக்குக் கிடைப்பது சில பென்ஸ். அந்த மெஷினுக்கு மேலே ஒரு தாள் ஒட்டுவோம்: "மீற்றரில் காசு இல்லையா? நீங்கள் தனியாக இல்லை. கேளுங்கள்." தமிழிலும் வங்காள மொழியிலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் எழுதுவோம். திறப்பு நீட்டுபவரிடம் அவர்களின் உரிமையைத் தாழ்ந்த குரலில் ஒரு நிமிடம் சொல்வோம்.

ஆங்கிலம் சரளமாகப் பேசும் இளையோரே, ஒவ்வொருவரும் இரண்டு வீடுகளைப் பொறுப்பெடுங்கள். அவர்களோடு உட்கார்ந்து தொலைபேசி எடுங்கள். ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டிவரும். முதியவர்கள் தனியே அப்படிக் காத்திருக்க மாட்டார்கள், வைத்துவிடுவார்கள். நீங்கள் காத்திருங்கள்.

கோயில் நிருவாகிகளே, தமிழ்ப் பாடசாலை நடத்துவோரே, சூடான மண்டபங்கள் உங்களிடம் இருக்கின்றன. கிழமையில் இரண்டு பின்னேரங்கள் கதவைத் திறந்துவையுங்கள். தேநீர் கொடுங்கள். ஒரு மேசையில் பில்களைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த இருவரை இருத்துங்கள். அன்னதானம் கொடுக்கும் கை சூட்டையும் பகிரட்டும்.

தொழிற்சங்கத் தோழர்களே, உங்கள் கிளையின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் விடயமாக வையுங்கள். நம் தெருவில் நடுங்குவது தமிழர் மட்டும் அல்ல. எதிர்வீட்டு வெள்ளைக்கார மூதாட்டியும், மேல்மாடி சோமாலியக் குடும்பமும், பக்கத்து ருமேனியத் தொழிலாளியும் அதே மீற்றருக்குத்தான் காசு போடுகிறார்கள். குழுவைத் தெருப் பெயரில் அமையுங்கள், மொழிப் பெயரில் வேண்டாம்.

நான் என் பங்கைத் தொடங்கிவிட்டேன். வியாழன் வந்த அந்த அக்கா சனிக்கிழமை மறுபடி வந்தார். இந்தமுறை நானே கேட்டேன்: "அக்கா, கம்பனிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒருக்கா போன் எடுப்பமோ?" கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பின்னால் நின்ற வாத்தியார் ஐயா அதைக் கேட்டுவிட்டார். அவர் பையிலிருந்து தன் காட்டை எடுத்துக் கல்லாவில் வைத்து, "எனக்கும் சேர்த்துக் கேளுங்கோ தம்பி" என்றார். அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு தன் திறப்பை அந்தக் காட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நம் கூட்டத்துக்கு வாருங்கள். பிரிக்காத கடித உறையோடு வாருங்கள். திறப்பைப் பொத்திப் பிடிக்காமல், எல்லாரும் காண மேசையில் வையுங்கள். அந்த மேசை நிரம்பிய அன்றே நம் போராட்டம் தொடங்கிவிட்டது.

குளிர் வந்துவிட்டது. நாமும் வருவோம்.